வீட்டு வேலைக்கு மைட்டர் சா: மொட்டைமாடியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், தகரக் கூரைக்கு அடியில், மரத்தைக் குறுக்கே கோணம் பார்த்து வெட்டும் என் மைட்டர் சா மெஷின் ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. அதன் சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தவர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு சந்தேகத்தோடு வந்தார்கள். தான் ஒன்று வாங்கலாமா, எந்த அளவு, ஸ்டாண்டுக்கும் காசு கொடுக்க வேண்டுமா என்று ஒரே கேள்விகளைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்ததுதான் இது. நான் தச்சன் இல்லை. விடுமுறை நாளில் மரம் அறுக்கிறவன். தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

1. கையில் பிடித்து வெட்டும் கட்டர் என்னிடம் இருக்கிறது. மைட்டர் சா தனியாக எதற்கு?

நீளமான மரத்தைக் குறுக்கே, சொன்ன கோணத்தில், ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வெட்டுவதற்கு. இந்த மெஷின் செய்வது அது ஒன்றுதான். வட்டப் பிளேடு ஒரு கையில் மாட்டியிருக்கும். மரத்தைப் பின்தடுப்போடு, அதாவது மெஷினின் முதுகில் செங்குத்தாக நிற்கும் தகட்டோடு ஒட்டி வைத்து, கையைக் கீழே இறக்கினால் வெட்டு விழும். மேசை சுழல்வதால் 45 டிகிரியும் வெட்டலாம், 22.5 டிகிரியும் வெட்டலாம்.

நம் ஊரில் மார்பிள் கட்டரில் மர பிளேடை மாட்டி எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். கை தேர்ந்தவர்கள் நேராகவும் வெட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கை இல்லை. நான்கு துண்டுகளை அதில் வெட்டினால் நான்கும் நான்கு நீளம். மேலும் அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிற, கல்லுக்காகச் செய்த கருவி. அதில் பல் வைத்த பிளேடை மாட்டுவதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

2. ஆண்டுக்கு மூன்று நான்கு வேலைதான் செய்வேன். வாங்கத்தான் வேண்டுமா?

அந்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். சுவாமி படத்துக்குச் சட்டம், செருப்பு அடுக்கும் ரேக், செடித்தொட்டி நிறுத்த ஒரு படிக்கட்டு, ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் என்றால் எல்லாமே குறுக்கு வெட்டு. மைட்டர் சா பயன்படும். பிளைவுட் அலமாரி, கட்டில் தலைப்பலகை, ஊஞ்சல் என்றால் பயன்படாது. 8×4 அடி பிளைவுட்டை நீளவாக்கில் பிளக்க இந்த மெஷினால் ஆகாது. ஊஞ்சல் பலகை ஒன்றரை அடி அகலம் இருக்கும். அதைக் குறுக்கே வெட்டக்கூட இதன் வீச்சு போதாது. அதற்கு, கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டும் வட்ட ரம்பமான சர்க்குலர் சா வாங்குங்கள், அல்லது மரக்கடையிலேயே வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு இரண்டே படச் சட்டம் என்றால் மைட்டர் பாக்ஸ் என்று ஒன்று கிடைக்கும். கோணத்துக்குப் பள்ளம் வெட்டிய ஒரு தொட்டி, அதற்குள் ஓட ஒரு கைரம்பம், அவ்வளவுதான். சத்தமும் இல்லை, அண்டைவீட்டார் சண்டையும் இல்லை. கேட்க வந்தவர்களில் பலரை நான் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

3. 8 அங்குலமா, 10 அங்குலமா, 12 அங்குலமா?

இந்த அங்குலக் கணக்கு பிளேடின் விட்டம். வெட்டும் அகலம் வேறு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்லைடிங் இல்லாத, அதாவது பிளேடு முன்னும் பின்னும் ஓடாத 10 அங்குல மெஷின் நேர்வெட்டில் சுமார் 135 மி.மீ. அகலம் வரை வெட்டும், 45 டிகிரியில் சுமார் 95 மி.மீ. ஐந்தங்குலப் பலகையை நேராக வெட்டலாம்; அதையே 45-இல் வெட்ட முடியாது. வாங்கிவிட்டு வந்து அழுதவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காதவர்கள்.

என் தீர்ப்பு: எப்போதாவது வேலை செய்கிறவருக்கு 10 அங்குலம். ரீப்பர், பீடிங், 4×3 நிலைமரம் எல்லாம் இதற்குள் அடங்கும். பிளேடும் எளிதில் கிடைக்கும். ஊரில் அலுமினிய ஜன்னல் செய்கிற கடைகளை எட்டிப் பாருங்கள். மகிடா எல்எஸ் 1040 அல்லது அதன் சாயலில் வந்த மெஷின் ஒன்று இருக்கும். 1650 வாட், 11 கிலோ. ஒரு ஆள் தூக்கிக்கொண்டு மாடியேறலாம். அத்தனை கடைகளில் ஓடுவதால் அதன் உதிரிபாகமும் பழுதுபார்ப்பவரும் சின்ன ஊரிலும் கிடைப்பார்கள். 12 அங்குல ஸ்லைடிங் மெஷின் 25 கிலோவை எட்டும். வைத்த இடத்திலேயே கிடக்கும் என்றால்தான் அது சரிப்படும்.

4. ஸ்லைடிங் வைத்தது வாங்கினால் பின்னால் உதவுமே?

உதவும். குழாய்களின் மேல், பிளேடும் மோட்டாரும் உள்ள தலை முன்னும் பின்னும் ஓடுவதால், 8 அங்குலப் பிளேடு போட்ட சின்ன ஸ்லைடிங் மெஷினே 300 மி.மீ. அகலப் பலகையை வெட்டிவிடும். உதாரணமாக போஷ் ஜிசிஎம் 8 எஸ்ஜேஎல், 312 மி.மீ. அகலம் வெட்டும். ஆனால் தடிமன் 70 மி.மீ.தான். நிலைமரத்தை அதில் படுக்கை வசத்தில் வைத்தால் மூன்றங்குலத் தடிமனை எட்டாமல் அடியில் ஒரு பட்டை நிற்கும்.

விலை கூடும், எடை கூடும், இடமும் கூடும். குழாய்கள் பின்பக்கம் நீள்வதால் சுவரை ஒட்டி வைக்க முடியாது. பால்கனியில் வைக்க நினைப்பவர்கள் கையில் டேப்போடு போய் அளந்துவிட்டு வாருங்கள். அசையும் பாகம் கூடுவதால் மலிவான ஸ்லைடிங் மெஷினில் தலை ஆடும். நல்ல ஸ்லைடிங் வாங்கப் பணம் இல்லையென்றால், மட்டமான ஸ்லைடிங்கைவிட நல்ல சாதா மெஷின் மேல்.

ஸ்லைடிங் வாங்கினால் ஒன்றை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். தலையை முதலில் உங்கள் பக்கம் இழுக்க வேண்டும், பிறகு இறக்க வேண்டும், பிறகு பின்னால் தள்ளிக்கொண்டே வெட்ட வேண்டும். இழுத்துக்கொண்டே வெட்டினால் பிளேடு மரத்தின் மேல் ஏறி உங்களை நோக்கிப் பாயும்.

5. மெஷினின் தலை ஒருபக்கம் சாய்வது போதுமா, இருபக்கமும் சாய வேண்டுமா?

ஒருபக்கம் போதும். மறுபக்கம் வேண்டும்போது மரத்தைத் திருப்பி வையுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் இருபக்கச் சாய்வைப் பெரிதாகப் பேசுவதற்குக் காரணம், அங்கே கூரையும் சுவரும் சேரும் இடத்தில் மரச்சட்டம் ஓட்டுகிறார்கள். நம் வீடுகளில் அந்த இடத்தில் இருப்பது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

6. கடையில் 14 அங்குல மெஷின் இதைவிட மலிவாகக் காட்டுகிறார்கள். அதுவும் பார்க்க இப்படித்தானே இருக்கிறது?

அது இரும்பு வெட்டுவது. 355 மி.மீ. உரைகல் சக்கரம் போட்டு, இரும்புக் குழாயைப் பொறி பறக்க அறுக்கிற கட்டிங் மெஷின். அதில் மர பிளேடை மாட்டலாம் என்று கடைக்காரரே சொன்னாலும் கேட்காதீர்கள். மரப் பிளேடை முழுக்க மூடித் திறக்கும் கவசமும் அதில் இல்லை, துல்லியமான கோணமும் இல்லை. எதிர்மாறாக, மைட்டர் சாவில் உரைகல் சக்கரம் போட்டு இரும்பு வெட்டுவதும் கூடாது. பொறி போய் விழும் இடம் மரத்தூள் நிறைந்த பை.

7. வீட்டு பிளக்கில் ஓடுமா? மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

1650 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 7 ஆம்பியருக்குச் சற்று மேல். ஆகவே 6 ஆம்பியர் சின்ன பிளக் போதாது. ஏசி, கீசர் மாட்டுகிற 16 ஆம்பியர் பெரிய பிளக் வேண்டும். சுவிட்சை அழுத்தும் கணத்தில் இழுப்பு இன்னும் அதிகம். அந்த நேரத்தில் எம்சிபி (மின்பெட்டியில் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தால் மெஷினில் கோளாறு என்று பொருள் இல்லை. மெல்ல வேகமெடுக்கும் வசதி உள்ள மெஷினில் இந்தத் தொல்லை குறைவு.

மொட்டைமாடிக்கு வயர் இழுப்பவர்கள் செல்போன் சார்ஜ் போடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியை நீட்டாதீர்கள். 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் கேபிள் வாங்கி, ஒரு முனையில் பெரிய பிளக்கும் மறுமுனையில் பெரிய சாக்கெட்டும் மாட்டுங்கள். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சுருள் சூடாகும், முழுவதையும் விரித்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் மின்விசிறிக்கும் விளக்குக்கும் வைத்தது. அதை இதில் இழுக்காதீர்கள்.

8. மச்சான் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கே பாதி விலை என்கிறார். கொண்டுவரச் சொல்லட்டுமா?

வேண்டாம். அங்கே 120 வோல்ட். அந்த மெஷினை நம் 230 வோல்ட்டில் மாட்டினால் மோட்டார் எரிந்துபோகும். 15 ஆம்பியர் என்று போட்டிருக்கும் அமெரிக்க மெஷினுக்கு 1800 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், தொடக்க இழுப்புக்கு அதற்கும் மேல். அது ஒரு அரிசி மூட்டை மாதிரி கூடவே வரும். பிளேடின் நடுத்துளையும் அங்கே வேறு: 10 அங்குலத்துக்கு 15.88 மி.மீ. இங்கே பெரும்பாலும் 25.4 அல்லது 30 மி.மீ. ஒவ்வொரு பிளேடுக்கும் மச்சானை எதிர்பார்த்துக் கொண்டிருக்க முடியுமா?

துபாய், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தால் மின்னழுத்தம் ஒத்துப்போகும். பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் வாரண்டி இங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மச்சானிடம் ஏதாவது கேட்டே ஆகவேண்டும் என்றால் நல்ல மூலைமட்டம் ஒன்று கேளுங்கள். அதற்கு வோல்ட் கிடையாது.

9. பேட்டரியில் ஓடுவது வாங்கலாமா?

அதே நிறுவனத்தின் பேட்டரி டிரில் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் யோசிக்கலாம். மற்றபடி, எப்போதாவது எடுப்பவருக்கு வயர் மெஷின்தான். மூன்று மாதம் தொடாமல் கிடந்தாலும் வயர் மெஷின் அப்படியே எழுந்து ஓடும். பேட்டரி உபயோகம் இல்லாமலே கிழடாகும்.

10. மெஷினோடு வரும் பிளேடு போதாதா?

பெரும்பாலும் போதாது. கூட வருவது 24 அல்லது 40 பல் பிளேடாக இருக்கும். அது சீக்கிரம் வெட்டும், ஆனால் தேக்குப் பீடிங்கின் பின்ஓரத்தில் நார் பிய்த்துக்கொண்டு வரும். படச் சட்டம் மாதிரி வேலைக்கு 60 அல்லது 80 பல் போடுங்கள். பல்லின் முனையில் கார்பைடு வைத்த டிசிடி வகையாகவும், பல் முன்னால் அதிகம் சாயாததாகவும் இருக்கட்டும். சர்க்குலர் சாவுக்கு விற்கும் பிளேடில் பல் முன்சாய்ந்து இருக்கும். அதை இதில் மாட்டினால் மரத்தை வாரி எடுக்கப் பார்க்கும்.

வாங்கும்போது நடுத்துளையையும் (8-ஆம் பதிலைப் பாருங்கள்) பிளேடில் அச்சிட்ட உச்ச வேகத்தையும் மெஷினோடு ஒப்பிடுங்கள். என் முதல் மெஷின் மட்டமானது. ஆனால் அதில் நல்ல பிளேடு போட்ட பிறகு வந்த வெட்டைப் பார்த்து, மெஷினைத் திட்டிய எனக்கே வெட்கமாகிவிட்டது. கையிருப்பு குறைவு என்றால் மெஷினில் ஒரு படி இறங்குங்கள், பிளேடில் இறங்காதீர்கள்.

11. ஸ்டாண்டு உண்மையிலேயே தேவையா? கடைக்காரர் தலையில் கட்டுகிறாரா?

கடைக்காரர் விற்கும் ஸ்டாண்டு தேவையா என்பது வேறு கேள்வி. மரத்துக்கு இரு பக்கமும் தாங்கல் தேவை. அதில் பேரமே இல்லை. மெஷினின் மேசை ஒன்றே முக்கால் அடி அகலம்கூட இருக்காது. அதில் எட்டடி ரீப்பரை வைத்தால் ஆறடிக்கு மேல் வெளியே தொங்கும்.

முதல் மாதத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எட்டடித் தேக்கு ரீப்பர், இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். வெட்டு முக்கால்வாசி போனதும் தொங்கிய பக்கம் தன் எடையிலேயே கீழே சாய்ந்தது. மிச்சமிருந்த நார் அறுபடாமல் கிழிந்து, நான்கங்குலச் சிலாம்பு ஒன்று நல்ல துண்டிலிருந்து பிய்ந்துகொண்டு போனது. மரம் பிளேடைக் கவ்வி, மெஷின் முழுதும் ஒரு குதி குதித்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை மெஷினை மூடிவிட்டுப் பிளைவுட் வாங்கப் போனேன்.

12. கடையில் கிடைக்கும் ஸ்டாண்டில் எதை வாங்குவது?

இரண்டு வகை அதிகம். கால் மடங்கும் சாதா ஸ்டாண்டு. நீளும் கைகளும் அதன் முனையில் உருளையும் இருக்கும். இன்னொன்று சக்கரம் வைத்தது. மெஷினோடு சேர்த்தே சாய்த்து வண்டிபோலத் தள்ளிக்கொண்டு போகலாம். பின்னது வேலையிடம் வேலையிடமாக அலைகிறவர்களுக்கானது. லிஃப்டில் ஏற்றி இறக்கி, வேலை முடிந்ததும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டிய நிலை உங்களுக்கு இருந்தால் அதன் விலை நியாயமாகும். இல்லாவிட்டால் மெஷின் விலையில் பெரும்பங்கை அதற்குக் கொட்டுவது வீண்.

எதை வாங்கினாலும் கடையில் விரித்து நிறுத்தி, மேலே இரண்டு கையையும் ஊன்றி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். நீளும் கைகளின் உயரத்தைத் திருகி மாற்ற முடிகிறதா, பூட்டு இறுகுகிறதா, உங்கள் மெஷினின் நான்கு துளைகளும் அதன் தாங்கியில் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். ஸ்லைடிங் மெஷின் என்றால் தலையைப் பின்னால் முழுக்கத் தள்ளும்போது ஸ்டாண்டு பின்பக்கம் சாயக்கூடாது.

13. நானே ஒரு மேசை செய்துகொள்ளலாமா?

செய்யலாம், நான் சொல்லும் வழி அதுதான். 19 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வாங்குங்கள். 8×2 அடித் துண்டு ஒன்று அடிப்பலகை. அதன் நடுவில் மெஷினை நான்கு போல்ட்டால் இறுக்குங்கள், இருபுறமும் மற்றத் துண்டிலிருந்து வெட்டிய இரண்டு பெட்டிகளை நிறுத்துங்கள். பெட்டியின் மேல்பக்கமும் மெஷின் மேசையும் ஒரே மட்டம். கீழே கால்கள் வைப்பதோ, இரண்டு மர ஸ்டூல்களில் தூக்கி வைப்பதோ உங்கள் வசதி. வெட்டும் மட்டம் சமையல் மேடை உயரத்துக்குச் சற்று மேலே, 85 முதல் 90 செ.மீ. இருந்தால் முதுகு பிடிக்காது.

நுணுக்கம் மட்டத்தில்தான். பெட்டி ஒரு மி.மீ. உயர்ந்தாலும் மரம் மெஷின் மேசையில் படாமல் பாலம்போல நிற்கும். வெட்டு சாய்ந்து விழும். அதனால் பெட்டியை வேண்டுமென்றே ஒன்றிரண்டு மி.மீ. தாழ்வாகச் செய்து, மேலே மைக்காத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி உயர்த்துங்கள். ஒரு மைக்கா ஏறக்குறைய ஒரு மி.மீ. நீளமான மட்டப்பலகையை மெஷின்மேலும் பெட்டிமேலும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். மைக்கா வழுவழுப்பாக இருப்பதால் மரமும் நன்றாக நகரும். இந்தச் சில்லறைத் துண்டுகளை எந்த மைக்காக் கடையிலும் சாம்பிள் என்று சும்மா கொடுப்பார்கள்.

ஒரே நீளத்தில் பல துண்டு வெட்ட, பெட்டியின்மேல் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டுத் தடையாக வைக்கலாம். தடை ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும். வெட்டுப்பட்டு விலகும் துண்டுக்கு மறுபக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்தால் துண்டு பிளேடோடு மாட்டித் தெறிக்கும்.

14. எங்கள் வீட்டுக்கு வந்த தச்சர் மெஷினைத் தரையில் வைத்து, உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டே வெட்டினார். மேசை எதற்கு?

தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பிடித்து இழைப்பது நம் தச்சர்களின் பழைய முறை. உளிக்கும் கைரம்பத்துக்கும் அது அருமையான முறை. கைரம்பம் நீங்கள் நிறுத்தினால் நிற்கும். மைட்டர் சா அப்படி நிற்பதில்லை. முகம் பிளேடின் உயரத்தில் இருக்கிறது, பாதம் பிளேடின் பக்கத்தில் இருக்கிறது, சட்டென்று எழுந்து விலகவும் முடியாது. அவருக்கு முப்பது வருடப் பழக்கம். உங்களுக்கும் எனக்கும் இல்லை. மேசைக்கு வழியே இல்லாத அன்றைக்குக்கூட மெஷினை ஒரு பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, மரத்தைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள்.

15. கொசுவலைக்கு அலுமினியப் பட்டை வெட்டலாமா?

மெஷினின் கையேட்டில் அலுமினியம் வெட்டலாம் என்று போட்டிருந்தால் வெட்டலாம். பிளேடு வேறு: 80 முதல் 100 பல், பல் பின்சாய்ந்தது, அலுமினியத்துக்கு என்றே எழுதியிருக்கும். பட்டையைக் கிளாம்ப் போடாமல் வெட்டாதீர்கள். மெல்லிய பட்டை பிளேடில் சிக்கினால் சுருண்டு முகத்தை நோக்கி வரும். வெட்டும் முன் தூசிப் பையைக் கழற்றி விடுங்கள். சூடான அலுமினியத் துகளும் மரத்தூளும் ஒரே பையில் சேரக்கூடாது.

16. அடுக்குமாடியில் இருக்கிறோம். தூசியும் சத்தமும் எவ்வளவு வரும்?

இரண்டும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். சத்தம் 100 டெசிபலை ஒட்டி வரும். காதடைப்பு உங்களுக்கு, மன்னிப்பு அண்டைவீட்டாருக்கு. நான் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும் வெட்டுகிறேன், தேர்வு மாதங்களில் தொடுவதில்லை. அளப்பதையும் கோடு போடுவதையும் முதல்நாளே முடித்துவிட்டால் உண்மையில் மெஷின் ஓடுவது பத்து நிமிடம்தான்.

தூசிப் பை பாதியைக்கூடப் பிடிக்காது. வேக்குவம் கிளீனர் குழாயை இணைத்தால் நிலைமை தேறும். மரத்தூளை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை வெட்டினால் தூளோடு பசையும் பறக்கும். வீட்டுக்குள் வெட்டவே வெட்டாதீர்கள். வெளியிலும் என்95 முகக்கவசம் போடுங்கள். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது திருப்திக்கு மட்டும்.

17. வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையில் எவ்வளவு ஆபத்து?

பயப்படுவது நல்லது. பிளேடின் பாதையிலிருந்து இரு பக்கமும் ஓர் அரை அடிக்குள் கை போகக்கூடாது. அதற்குள் பிடித்தால்தான் நிற்கும் என்கிற அளவுக்குச் சின்னத் துண்டு என்றால், அதைக் கிளாம்ப் பிடிக்கட்டும். கையைக் குறுக்காகப் போட்டு மறுபக்கத்தைப் பிடிக்காதீர்கள். லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, கையுறை எதுவும் வேண்டாம், கண்ணாடி கட்டாயம்.

வெட்டி முடித்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு கீழேயே முழுதும் நின்ற பிறகு தலையை உயர்த்துங்கள். சுழன்றுகொண்டே உயர்த்தினால் வெட்டுப்பட்ட சின்னத் துண்டைப் பிளேடு பின்னால் அள்ளி எறியும். என் தகரக் கூரையில் அப்படி விழுந்த ஒரு பள்ளம் இருக்கிறது. வளைந்த மரம் என்றால் புடைத்த பக்கத்தைப் பின்தடுப்போடு சேர்த்து வையுங்கள். குழிந்த பக்கம் அங்கே இருந்தால் வெட்டு முடியும்போது இடைவெளி மூடி, பிளேடைக் கவ்வும். இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய மரமா? ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள்.

18. அலுமினியக் கடைக்காரர் பழைய மெஷினைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பிளக்கைக் கழற்றிவிட்டு நான்கு விஷயம் பாருங்கள். பிளேடைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா? கவசம் தானாகத் திரும்பி மூடுகிறதா, அல்லது கம்பி கட்டித் தூக்கி வைத்திருக்கிறார்களா? 0 மற்றும் 45-இல் மேசை ‘டக்’ என்று உட்காருகிறதா? பின்தடுப்பில் நேர்க்கோல் வைத்தால் வெளிச்சம் தெரிகிறதா? பிறகு ஓட்டிப் பாருங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, சொற்பச் செலவு. பேரிங் இரைச்சல் இருந்தால், கவசம் கழற்றப்பட்டிருந்தால், பின்தடுப்பு வளைந்திருந்தால் வேண்டாம். நான் முதலில் வாங்கியதில் பின்தடுப்பின் இரு பாதியும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. அது புத்தம்புது மெஷின் என்பதுதான் வேடிக்கை. ஆகவே புதியதையும் இதே மாதிரி பார்த்து வாங்குங்கள்.

19. 45-இல் வைத்துத்தான் வெட்டினேன். சட்டத்தின் மூன்று மூலை சேர்ந்தது, நான்காவது வாய் திறந்து நிற்கிறது. ஏன்?

ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் எட்டும் கூடி 4 டிகிரி. ஐம்பது மி.மீ. அகலப் பட்டையில் அது ஏறக்குறைய 5 மி.மீ. இடைவெளி. அளவுகோலில் எழுதிய எண்ணை நம்பாதீர்கள், லேசர் கோட்டையும் நம்பாதீர்கள். லேசர் பிளேடின் இடத்தைக் காட்டும், கோணத்தைச் சரிபார்க்காது.

சோதனை எளிது. நான்கங்குல அகலமுள்ள நேரான பலகையை 0-இல் வெட்டுங்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் நேர்க்கோலோடு ஒட்டி, வெட்டுமுனைகளைச் சேருங்கள். இடைவெளி தெரிந்தால், அது உண்மையான பிசகைப் போல இரண்டு மடங்கு. பின்தடுப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருத்தி மறுபடி வெட்டுங்கள். எதிரெதிர்ப் பட்டைகள் ஒரே நீளமா என்பதையும் பாருங்கள். கோணம் சரியாக இருந்து நீளம் ஒரு மி.மீ. தவறினாலும் மூலை சேராது. 13-ஆம் பதிலில் சொன்ன தடைக்கட்டை அதற்குத்தான்.

20. எங்கள் சுவர் மூலை 88 டிகிரி. பாதியாக 44-இல் வைத்து வெட்டினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. கணக்கு சரிதானே?

கணக்கு சரி, மெஷினின் கணக்கு வேறு. பள்ளியில் சதுரவெட்டை 90 என்போம். மெஷின் அதை 0 என்கிறது. ஆகவே மூலையின் பாதியை 90-இலிருந்து கழிக்க வேண்டும். 88-க்குப் பாதி 44. 90-இல் 44 போனால் 46. மெஷினை 46-இல் வையுங்கள். நீங்கள் 44-இல் வைத்ததால் இரண்டு துண்டும் சேர்ந்து 92 டிகிரி ஆகிவிட்டது. பேசாமல் 45-இல் வெட்டியிருந்தால் 2 டிகிரி தவறு. 44-இல் 4 டிகிரி. அறுகோணத்துக்கு 30-உம் எண்கோணத்துக்கு 22.5-உம் வருவது இதே கணக்கில்தான்.

21. செய்தபோது மயிரிழை இடைவெளிகூட இல்லை. ஆறு மாதம் கழித்து எல்லா மூலையும் விரிந்திருக்கிறது. மெஷின் கோளாறா?

எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்று பாருங்கள். சட்டத்தின் உள்மூலை பிளந்து வெளிமூலை சேர்ந்தே இருந்தால், மரம் காய்ந்து அகலத்தில் சுருங்கியிருக்கிறது. வெளிமூலை பிளந்திருந்தால் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் மட்டும் மாறும். அதனால்தான் நாம் வெட்டிய 45 அவ்வளவு நாள் கழித்து 45-ஆக இருப்பதில்லை.

ஐப்பசி மழையில் வாங்கிய மரத்தை அன்றே வெட்டிச் சட்டமாக்கினால் பங்குனி வெயிலில் உள்மூலை திறக்கும். வாங்கிய மரத்தை வீட்டுக்குள், அடியில் குச்சி வைத்துக் காற்றுப்பட இரண்டு மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். எங்கள் வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பெருக்கும்போதெல்லாம் திட்டு விழுகிறது.